காக்கை – பனம்பழம்: ஒரு சிதறல் விளக்கப்பட விசாரணை

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த நிகழ்வைத் தமிழர்கள் நெடுங்காலமாகப் பேசிவருகிறார்கள். வரைபடத்தில் குறித்தவர் இல்லை. கிடை அச்சில் காக்கையின் எடை, நிலை அச்சில் பழத்தின் எடை என்று இக்குறையை நாம் போக்கலாம். ஆனால் முன்னோர் விட்டுச்சென்றது ஒரே புள்ளி. அதற்குக் கார்ல் பியர்சனின் ஒட்டுறவுக் கெழுவைக் கணக்கிட்டால், பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இதை வைத்து ‘இரண்டுக்கும் தொடர்பில்லை’ என்று பெரியவர்கள் அடித்துச் சொன்னது, ‘தொடர்புண்டு’ என்பதற்குச் சற்றும் குறையாத அவசரம்.

இரண்டாவது காக்கையும் இரண்டாவது பழமும் கிடைத்தால் நிலைமை இன்னும் மோசம். எடைகள் வேறுபட்டால் போதும். கெழு +1 அல்லது −1, அப்பழுக்கற்ற ஒட்டுறவு! எந்த இரு புள்ளிகளையும் ஸ்கேல் வைத்து இணைக்கலாம் என்பதைத் தவிர இதில் வேறு மர்மம் இல்லை. டீக்கடைகளில் நிறுவப்படும் சமூகவியல் விதிகளில் பெரும்பாலானவை இந்த இருபுள்ளி முறையைச் சேர்ந்தவை என்பது நம் துணிபு.

புள்ளிகள் பெருகினால் புத்தி தெளியுமா? 2012இல் மருத்துவர் பிரான்ஸ் மெசர்லி, நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் 23 நாடுகளின் சாக்லேட் நுகர்வையும், ஒரு கோடி பேருக்கு எத்தனை நோபல் என்பதையும் படமாக்கினார். கெழு 0.791. புள்ளிகள் இடக்கீழிலிருந்து வலமேலாக அழகாக ஏறின, உச்சியில் சுவிட்சர்லாந்து. சுவீடன் மட்டும் கூட்டத்தோடு சேரவில்லை: சாக்லேட் கணக்குப்படி 14 பேர் வரவேண்டிய இடத்தில் 32 பேர். ஸ்டாக்ஹோம் குழுவுக்கு உள்ளூர்ப் பாசமோ என்று ஐயுற்ற மெசர்லி, தாமும் தினசரி சாக்லேட் தின்பவர் என்பதை ஒளிக்காமல் அறிவித்தார். பாதி விளையாட்டாக எழுதியதைப் பல பத்திரிகைகள் முழு மனதோடு அச்சிட்டன. சாக்லேட்டுக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் சேர்த்துச் செலவழிக்கப் பணமுள்ள நாடுகள் அவை என்பதைப் புள்ளிகள் தாமாகச் சொல்லவில்லை.

பனைமரத்திலும் அப்படியொரு மூன்றாம் மாறி உண்டு: பழுத்தல். காம்பு தளர்வதும் அதனால்தான். வாசனை பரவுவதும் அதனால்தான். அந்த வாசனை காக்கையை அழைத்ததா என்பது இன்னும் கருதுகோளே. காக்கை உட்கார்ந்தும் விழாத பழங்களையும், ஒரு காக்கையும் வராமல் விழுந்த பழங்களையும் சேர்த்து எண்ணினால்தான் விடை தெரியும். அவற்றுக்குப் பழமொழி கட்டுவார் இல்லாததால் தரவும் இல்லை.

ஆகவே ஆவணியில் களப்பணி. நோட்டுப் புத்தகத்துடன் மரத்தடியில் அமர உதவியாளர் தேவை. பழம் ஒரு கிலோவைத் தாண்டக்கூடியது; ஹெல்மெட் நாமே தருவோம்.