திட்ட ஆளில்லாத ஊரில்

நான் பிறந்து வளர்ந்தது மயிலாடுதுறையில். அந்த ஊரில் ஒருவன் தப்பு செய்தால் அவனுக்கு உடனே தெரிந்துவிடும். பஸ் படியில் தொங்கினால் கண்டக்டர் திட்டுவார். வரிசையில் முந்தினால் பின்னால் நிற்பவர் திட்டுவார். வீட்டில் அம்மா திட்டுவாள். ஒன்றுமே செய்யாமல் நின்றால், "வேலை வெட்டி இல்லையா உனக்கு?" என்று டீக்கடைக்காரர் திட்டுவார். இப்படி ஊரே கூடித் திருத்தி வளர்த்த பிள்ளை, வேலை கிடைத்து டோக்கியோவில் வந்து இறங்கினேன். இங்கே திட்ட ஒரு ஆள் இல்லை. சொர்க்கத்துக்கே வந்துவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தேன். திட்டாத ஊரில் குப்பை கொட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று மூன்றே மாதத்தில் தெரிந்துவிட்டது. குப்பை கொட்டுவது என்று நான் சொல்வது பேச்சு வழக்குக்காக அல்ல, நிஜமாகவே குப்பை.

வீடு பார்த்தது நிஷி-கசாயில். டோக்கியோவின் கிழக்குப் பக்கம், இந்தியர்கள் நிறையப் பேர் வாழும் பகுதி. ஊர்ப் பெயரைச் சொன்னதும் அம்மா போனில், "கசாயமா? ஏன்டா, ஜலதோஷமா?" என்றாள்.

வீட்டுச் சாவியோடு ஒரு காகிதம் கொடுத்தார்கள். வாடகை ஒப்பந்தத்தைவிட அது முக்கியம் என்று எனக்குத் தெரியாது. எரியும் குப்பை வாரத்தில் இரண்டு நாள். எரியாத குப்பைக்கு வேறு நாள். பழைய பேப்பருக்கு, கண்ணாடிக்கு, தகர டப்பாவுக்கு, பிளாஸ்டிக்குக்குத் தனித்தனி முறை. தண்ணீர் பாட்டில் என்றால் மூடியைக் கழற்றி, மேலே சுற்றிய லேபிளை உரித்து, உள்ளே அலசி, நசுக்கி வைக்க வேண்டும். எல்லாம் அந்தந்த நாள் காலை 8 மணிக்குள்.

முதல் வாரம் கீரைத்தண்டு, பால் பாக்கெட், பாட்டில் எல்லாவற்றையும் சமரசமாக ஒரே பையில் கட்டிக் கீழே வைத்துவிட்டு ஆபீஸ் போனேன். மாலை வந்து பார்த்தால் தெருவில் எல்லார் பையும் போயிருந்தது. என் பை மட்டும் பெயிலான பையன் மாதிரி தனியாக உட்கார்ந்திருந்தது. மேலே ஒரு ஸ்டிக்கர். அதிலும் வசவு இல்லை. தயவுசெய்து பிரித்து வைக்கவும் என்கிற தோரணையில் மரியாதையான நாலு வரி. யாரும் வந்து கதவைத் தட்டவில்லை. இருட்டும்வரை காத்திருந்து, அக்கம்பக்கம் பார்த்துப் பையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன். குப்பையைத் திருட்டுத்தனமாக அடுத்தவர் வாசலில் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சொந்தக் குப்பையைத் திருட்டுத்தனமாக வீட்டுக்கே கொண்டுவந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அடுத்த பாடம் ஆபீஸில். பக்கத்து மேஜை நண்பரை, "சனிக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள், சாம்பார் வைக்கிறேன்" என்று கூப்பிட்டேன். அவர் பல்லிடுக்கில் ஸ்ஸ் என்று காற்றை உள்ளே இழுத்தார். தலையைச் சாய்த்தார். "சனிக்கிழமை... ச்சொத்தோ..." என்றார். 'ச்சொத்தோ' என்றால் 'கொஞ்சம்' என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் என்ன? கொஞ்சம் தாமதமாக வருவாரா, கொஞ்சமாகச் சாப்பிடுவாரா, காரம் கொஞ்சமாகப் போட வேண்டுமா? மீதி வாக்கியம் வரும் என்று நானும் நின்றேன். அவரும் நின்றார். கடைசிவரை வரவில்லை. வாக்கியமும் வரவில்லை, சனிக்கிழமை அவரும் வரவில்லை. ஒரு குண்டான் சாம்பாரைச் செவ்வாய் வரை நான் ஒருவனே சாப்பிட்டுத் தீர்த்தேன்.

சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய மொழியறிஞர் தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று நூல்களே எழுதியவர். மொழியியலாளர்கள் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை. நான் ஏற்கத் தயாராகத்தான் வந்தேன். இரண்டு மொழியிலும் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. அதுவே பாதி உறவு. ஆனால் நாம் அந்த வினைச்சொல்லைச் சொல்லி முடித்து, போதாததற்கு இரண்டு தரம் சொல்வோம். இவர்கள் அதற்கு முந்தின சொல்லிலேயே இறங்கிக்கொள்கிறார்கள். மீதியைக் கேட்பவன் காற்றிலிருந்து படித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பெயரே 'காற்றைப் படிப்பது'. படிக்கத் தெரியாதவனை 'கே.ஒய்.' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இஞ்சினியரிங் முடித்தபின் நான் வாங்கிய இரண்டாவது பட்டம் அது.

ரயிலில் காற்று இன்னும் அடர்த்தி. 2017 நவம்பரில் ஒரு ரயில் கம்பெனி, வண்டி 20 விநாடி முன்னதாகக் கிளம்பிவிட்டதற்குப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. தாமதத்துக்கு அல்ல, முந்திப் போனதற்கு. வண்டி தாமதமானால் ஆபீஸில் காட்டத் தாமதச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். இப்படிப்பட்ட ரயிலில் ஒருநாள் அம்மாவின் போனை எடுத்துவிட்டேன். அம்மா பேசுவதற்குப் போன் அதிகப்படி. ஜன்னலைத் திறந்து வைத்தாலே கேட்கும். "சாப்பிட்டியாடா?" என்ற கேள்வி பெட்டி முழுக்கப் போய்ச் சேர்ந்தது. ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் ஒருசேர என்னைப் பார்க்காமல் இருந்தார்கள். முறைத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, பிளாட்பாரத்தில் நின்று, சாப்பிட்டேன் என்று பதில் சொன்னேன்.

ஊர் சுற்றப் போனால் பிழைக்கலாம் என்று ஒசாகா போனேன். நான் சைவம். ஒக்கோனோமியாகி என்று ஒன்று உண்டு. முட்டைக்கோஸை மாவில் கலந்து கல்லில் ஊற்றுவது, நம் ஊத்தப்பத்துக்குத் தூரத்து உறவு. முட்டைக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, "இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம்" என்று மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். பரிமாறிய பெண் "ஹாய், ஹாய்" என்றாள். அதற்குச் சரி என்று மட்டும் அர்த்தமில்லை, காதில் விழுந்தது என்றும் அர்த்தம். தட்டு வந்தது. மேலே தச்சர் இழைப்புளியில் சீவிப்போட்ட மாதிரி மெல்லிய சுருள்கள். ஆவி பட்டு அவை நெளிந்தன, வளைந்தன, கை ஆட்டிக் கூப்பிட்டன. கத்சுவோபுஷி. நம் மாசிக் கருவாட்டின் ஜப்பானியத் தம்பி. சூரை மீனைக் கட்டையாகக் காயவைத்துச் சீவுவது. அதற்கு அசைவம் என்று ஏன் பெயர் வந்தது என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன். அந்தப் பெண்மேல் தப்பில்லை. அவளுக்கு அது மீன் கணக்கிலேயே வராது. நமக்குப் பெருங்காயம் எப்படியோ அவர்களுக்கு அது அப்படி. சூப்பிலும் குழம்பிலும் சொல்லாமலே இருக்கும்.

குசாட்சு வெந்நீர் ஊற்றுக்குப் போன கதை இன்னும் மோசம். ஊற்றுத் தண்ணீர் 50 டிகிரிக்கு மேல் கொதிக்கிறது. பச்சைத் தண்ணீர் விட்டால் சத்துப் போய்விடும் என்று, பெண்கள் வரிசையாக நின்று நீளப் பலகைகளால் துழாவி, பாட்டுப் பாடி ஆற்றுகிறார்கள். நம்மூர் டீ மாஸ்டர் ஒருவரை அனுப்பினால் அரை நிமிஷ வேலை. அது வேடிக்கை பார்க்கும் இடம். குளிக்கும் இடத்தில்தான் வினை. அங்கே ஒட்டுத்துணி இல்லாமல் இறங்க வேண்டும். குற்றாலத்தில் ஜட்டியோடு நிற்கவே கூச்சப்பட்டவன் நான். கையில் கொடுத்த குட்டித் துண்டை மானத்துக்கு ஒரே துணையாகப் பிடித்துக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினேன். எதிரே கழுத்தளவு நீரில் ஒரு பெரியவர். அவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. தன் தலைமேல் இருந்த துண்டை எடுத்தார். நான் பார்க்கும்படி நிதானமாக நாலாக மடித்தார். மறுபடி தலைமேல் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். துண்டு தண்ணீரில் படக்கூடாது. எல்.கே.ஜி. டீச்சர்கூட இவ்வளவு பொறுமையாகச் சொல்லித்தந்ததில்லை. நானும் மடித்துத் தலையில் வைத்துக்கொண்டேன். மானம் தலைக்கு ஏறியது.

நாரா நகரத்துக்குப் போனபோது கொஞ்சம் தைரியம் வந்தது. அங்கே தோதாய்ஜி கோவிலில் சுமார் 15 மீட்டர் உயர வெண்கல புத்தர் இருக்கிறார். 752ஆம் ஆண்டு அவருக்குக் கண் திறந்து வைத்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. 736இல் கடல் கடந்து வந்தவர். நமக்கு முன்பே ஒருவர் இங்கே குடியேறி, ஊர் மெச்ச வாழ்ந்திருக்கிறார். அவருக்குக் காற்றைப் படிக்க யார் கற்றுத் தந்தார்களோ! வெளியே பூங்காவில் மான்கள். பிஸ்கட் வாங்கிக் காட்டினால் தலையைக் குனிந்து வணங்குகின்றன. பதிலுக்கு நானும் குனிந்தேன். அது மறுபடி வணங்கியது, நானும். மூன்றாம் வணக்கத்தில் மானுக்குப் பொறுமை போய்விட்டது. சட்டையைக் கடித்து இழுத்தது. எனக்குக் கோபமே வரவில்லை. இந்த நாட்டில் மனசில் பட்டதை மூஞ்சிக்கு நேரே சொன்ன முதல் ஜீவன் அது.

இரண்டாவது ஜீவன் எங்கள் கீழ்வீட்டுப் பாட்டி. வந்த புதிதில் அவரை மரியாதையாக அழைக்கப்போய் ஏற்கெனவே கெட்ட பெயர். 'ஒபசான்' என்றால் அத்தை மாதிரி. 'ஒபாசான்' என்றால் பாட்டி. குறில் நெடிலோடு பிறந்த தமிழனுக்கு அது வராதா என்று அழுத்தம் திருத்தமாக நெடிலைப் போட்டேன். எழுபது வயதானாலும் அவருக்குக் குறில்தான் பிடிக்கும் என்று யாரும் சொல்லவில்லை. நாலு வருஷம் குனிந்து வணங்கியதோடு சரி.

இங்கே குப்பைப் பைகள்மேல் ஒரு வலையைப் போட்டு மூட வேண்டும், காக்கை கிழிக்காமல் இருக்க. நாம் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சோறு வைக்கும் காக்கைக்கு இவர்கள் வலை போடுகிறார்கள் என்று எனக்கு உள்ளூர வருத்தம். ஐந்தாம் வருஷம் ஒருநாள், ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று பையை வைத்துவிட்டு வலையைச் சரியாக மூடாமல் ஓடினேன். பின்னால் ஒரு சத்தம்: "தமே!"

கூடாது என்று அர்த்தம். திரும்பினால் பாட்டி, கையில் துடைப்பத்தோடு. என் பையிலிருந்து முருங்கைக்காய்ச் சக்கையைக் காக்கை தெரு முழுக்கப் பரப்பியிருந்தது. பாட்டி ஆரம்பித்தார். ஸ்ஸ் இல்லை, ச்சொத்தோ இல்லை. ஒவ்வொரு வாக்கியமும் வினைச்சொல்லோடு வந்து முடிந்தது. எத்தனை வருஷமாய் இங்கே இருக்கிறாய், வலை மூடத் தெரியாதா, இதை யார் கூட்டுவது, அது என்ன காய், மரக்கட்டை மாதிரி? ஐந்து நிமிஷம் தலை குனிந்து கேட்டேன். துடைப்பத்தை வாங்கித் தெருவைப் பெருக்கினேன். ரயில் போய்விட்டது.

அன்றிரவு அம்மாவிடம் சொன்னேன். "நல்லா வேணும் உனக்கு" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "பக்கத்துல ஒரு பெரியவங்க இருக்காங்கன்னு இப்பத்தான் எனக்கு நிம்மதி" என்றாள். இப்போதெல்லாம் நிஷி-கசாயை எங்கள் ஊர் என்றே சொல்கிறேன். வெளிநாட்டில் ஒருவன் விருந்தாளியாக இருக்கும்வரைதான் வணக்கம். திட்டு விழுந்தால் குடிவந்துவிட்டான் என்று அர்த்தம்.

டோக்கியோவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வலையை மேலே போட்டால் மட்டும் போதாது, நாலு ஓரத்தையும் பைகளுக்கு அடியில் மடித்துவிடுங்கள். காக்கைக்கு ஒரு விரற்கடை இடம் போதும்.