49 என்னும் ராசி எண்

1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்தை 2017இல் திருத்தினார்கள். முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வார விடுப்பு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம். தாய் நாளுக்கு 4 தடவை போய்ப் பார்த்துவரலாம். அன்றிலிருந்து எனக்குத் தெரிந்த முதலாளி ஒருவருக்கு 49தான் ராசி எண். ஐம்பதாவதாக வருபவர் 'கான்ட்ராக்ட்'. அவரைத் தலையெண்ணிக்கையில் சேர்ப்பதில்லை, வேலையில் மட்டும்தான்.

பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட 2 இடைவேளையும் உண்டு. பிள்ளை தாம்பரத்தில், தாய் அம்பத்தூரில். நடுவில் இருக்கும் டிராஃபிக்கைச் சட்டம் திருத்தவில்லை. ஆகவே கழிப்பறைக்குள் நின்றபடியே பாலைப் பீய்ச்சி, ஆபீஸ் ஃபிரிட்ஜில் வைக்கிறாள். 'டீக்கு ஊற்ற வேண்டாம்' என்று சீட்டு வேறு ஒட்ட வேண்டியிருக்கிறது. (அதே கழிப்பறையில் மேலாளர் தன் டிபனைச் சாப்பிடுவாரா?)

2015இல் தமிழகப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறந்தார்கள். நல்ல காரியம், குறையே சொல்ல முடியாது. எங்கள் ஊர் அறையின் சாவி மட்டும் யாரோ ஒருவரிடம் இருந்தது. அவர் டீ குடிக்கப் போயிருந்தார். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். உள்ளே துடைப்பமும் பினாயில் கேனும் யார் தொந்தரவும் இல்லாமல் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தன.