துருவுக்குப் பயப்படாத குண்டு

கேள்வி: துறைமுகச் சேற்றில் கிடைக்கும் இரண்டாம் உலகப்போர்க் குண்டுகள் துருவேறி நமுத்துப் போயிருக்காதா? எந்த விமானக் குண்டு என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? (வாசகர், மாட்டுங்கா)

பதில்: நமுத்துப்போக அது அப்பளமா என்ன! 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா டாக்கில் ‘ஃபோர்ட் ஸ்டிகீன்’ கப்பல் வெடித்தது. அதில் சுமார் 1,400 டன் வெடிபொருளோடு பருத்திப் பொதி, ஸ்பிட்ஃபயர் விமானங்கள், தங்கக்கட்டிகள் எல்லாம் ஒன்றாக இருந்தன. நெருப்புக்கு விருந்து வைக்க இதைவிடப் பொருத்தமான பந்தி கிடையாது. அப்போது சிதறி, வெடிக்காமல் சேற்றில் புதைந்தது எதுவானாலும் அதைக் குப்பை என்று நினைக்க முடியாது. துரு தின்பது இரும்பு ஓட்டைத்தான். உள்ளே இருக்கும் டிஎன்டி வெடிமருந்து தண்ணீரில் லேசில் கரையாது, வீரியமும் குறையாது. அதனால் வயது ஒரு சமாதானமே ஆகாது.

அடையாளம் காண்பதில் குண்டின் மேல் பூசிய வண்ணப் பட்டையை நம்பிப் பயனில்லை, அது உப்புத் தண்ணீரில் முதலில் போய்விடும். மிஞ்சுவது வடிவமும் வெடிமூட்டி இருக்கும் இடமும். பிரிட்டிஷ் விமானக் குண்டுகளில் அது பெரும்பாலும் மூக்கிலோ வாலிலோ இருக்கும். ஜெர்மன் குண்டுகளில் விலாவில், வட்டத்துக்குள் எண் பொறித்து. ‘சுரண்டிப் பார்த்தால் எண் தெரியுமே’ என்பீர்கள். தெரியும்தான், ஆனால் அதைப் படித்துச் சொல்ல நீங்கள் இருக்க வேண்டுமே! வல்லுநர்களே முதலில் தூரத்திலிருந்து படமெடுத்து அளவு பார்ப்பார்கள். பழைய இரும்பென்று எடைக்குப் போடவும் நினைக்காதீர்கள், தாராவிக் காயலான் கடைத் தராசுக்கு இரும்பின் எடை மட்டும்தான் தெரியும். குண்டு மாதிரி எதையாவது பார்த்தால் தொடாதீர்கள், விலகி நின்று 112-ஐ அழையுங்கள்.