ஈரம் அறிந்த இருவர்

டிரையரே, உன் தன்னம்பிக்கையைப் போற்றுகிறேன். ஐப்பசி அடைமழையில் தஞ்சாவூரே நசநசவென்று கிடக்கிறது. கொடியில் போட்ட வேட்டி மூன்று நாளாக முடைநாற்றம் அடிக்கிறது. நீயோ இருபதே நிமிடத்தில் காய்ந்துவிட்டது என்று மணியடித்து நின்றுவிடுகிறாய். எடுத்துப் பார்த்தால் மேல்துண்டு காய்ந்திருக்கிறது. ஜீன்ஸின் இடுப்புப் பட்டையைத் தொட்டால் கையெல்லாம் ஈரம். மேலே காய்ந்தால் போதும், உள்ளே இருப்பதைத் துருவிப் பார்க்கலாகாது என்ற பெருந்தன்மை உன்னைத் தவிர யாருக்கு வரும்!

உன் அறிவு இருக்கும் இடத்தையும் கண்டுகொண்டேன். உருளைக்குள் இரண்டு உலோகப் பட்டைகள். ஈரத்துணி இரண்டையும் தொட்டால் மின்சாரம் பாயும். பாயாவிட்டால் துணி காய்ந்தது என்பது உன் கணக்கு. துணி மணக்கட்டும் என்று நாங்கள் ஊற்றிய கண்டிஷனர் பட்டைகள்மேல் மெழுகுபோலப் படிந்துவிட்டது. ஈரம் தொட்டும் உனக்குத் தெரியவில்லை. நாங்கள் செய்த உபசாரத்தை இப்படி ஒட்டவைத்துக்கொண்டு நினைப்பவர் வேறு யார்? நாலே துணி போட்டால் அவை பட்டையில் சரியாகப் படுவதில்லை; அப்போதும் உனக்குச் சந்தேகம் என்பதே வராது. வடிகட்டியில் பஞ்சு அடைத்தாலோ, சுவரோரம் காற்றுக்குழாய் நசுங்கினாலோ, சூடு ஏறியதும் வேலையை விட்டு ஓய்கிற பக்குவமும் உனக்கு உண்டு.

உனக்கு ஓர் அண்ணன் இருக்கிறார்: நெல் கொள்முதல் நிலையத்து ஈரப்பதமானி. அவரும் மின்சாரத்தை வைத்தே ஈரம் காண்பவர். ஆனால் உன்னைப்போல் விட்டுக்கொடுப்பவர் அல்லர். 17 சதவீதம் என்பது அவர் படித்த பாடம். அதற்கு மேல் ஈரம் இருந்தால் சேமிப்பில் நெல் சூடேறிப் பூஞ்சை பிடிக்கும் என்பது உண்மைதான். குறுவை அறுப்பும் வடகிழக்குப் பருவமழையும் கைகோத்து வருவது அந்தப் பாடத்தில் இல்லை. 2023 பிப்ரவரி மழைக்குப் பின் 22 சதவீத ஈரம் வரை ஏற்கக் கேட்டோம்; மனமிரங்கி 20 வரை வந்த கருணையை மறக்க மாட்டோம்.

களம் இல்லாத விவசாயி தார்ச்சாலையில் நெல்லைப் பரப்பி, காலாலேயே கிளறிவிட்டு, வானம் கறுத்ததும் தார்ப்பாயோடு ஓடுகிறார். வரிசையில் காத்துக் கிடந்த குவியலின் அடியில் கைவிட்டால் வெதுவெதுக்கிறது. விரலோடு வரும் மணியின் நுனியில் வெள்ளை முளை. நாற்றங்காலும் வேண்டாம், உழவும் வேண்டாம், சாலையிலேயே நெல் முளைக்கும் என்று டெல்டாவின் வளத்தை உலகுக்குக் காட்டிய பெருமை அண்ணனையே சேரும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பஞ்சில் வினிகர் தொட்டு உன் பட்டைகளைத் துடைத்தேன். வடிகட்டியைச் சுத்தம் செய்தேன். குழாயை நிமிர்த்தினேன். இன்று ஜீன்ஸ் இடுப்புவரை காய்ந்தது. உன் குற்றம் ஒரு பிடிப் பஞ்சுக்கு அடங்கிவிட்டது. கூரை போட்ட களமோ நெல் உலர்த்தியோ வைத்துத் தராமலே, காய்ந்த நெல்லாகக் கொண்டுவா என்று கேட்பவர்களின் பெருமைதான் எந்தப் பஞ்சுக்கும் அடங்காது.