சூரியனுக்கு வேட்டுப் போடும் ஊர்

எண்பதுகளின் கடைசியில் வட நோர்வேயின் பின்மார்க் மாகாணத்து மீன் பக்டரிகளுக்கு ஆள் தேவைப்பட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி வந்த எங்களுக்கு வேலை தேவைப்பட்டது. அப்படித்தான் தமிழர் துருவக் கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். எனக்கு வாய்த்தது வார்டோ. நாட்டின் கிழக்குக் கோடியில் உள்ள தீவு ஊர். கடலுக்கடியில் தோண்டிய சுரங்கப் பாதை வழியாகத்தான் பஸ் போகும்.

வேலை செய்யும் மேசைக்குக் கண்ணாடித் தட்டு, அடியில் விளக்கு. கொட் மீனின் வெள்ளைத் தசையை அதன்மேல் விரித்தால் உள்ளே சுருண்டு கிடக்கும் புழு நிழலாகத் தெரியும். கத்தி நுனியால் அதைக் கிள்ளி எடுத்து, முள்வரிசையை அரிந்து எறிந்துவிட்டு அடுத்த துண்டுக்குப் போக வேண்டும். நிறைக் கணக்கில் போனஸ்.

என் பக்கத்தில் நின்றவர் அறுபதை நெருங்கிய ஒரு பெண். 1987இல் எங்கள் வீடு எரிந்த கதையைத் தெரிந்த நோர்வேஜிய மொழியில் சொன்னேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். 1944இல் பின்வாங்கிய ஜெர்மன் படை பின்மார்க்கைக் கொளுத்திக்கொண்டு போனபோது அவர் வீடும் எரிந்ததாம். கிர்க்கனஸ் பக்கத்தில் ஆயிரக்கணக்கான சனம் இரும்புச் சுரங்கத்துக்குள் பதுங்கியிருந்ததையும் சொன்னார். பங்கருக்குள் இருந்துவிட்டு வந்த எனக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

தைப்பொங்கலுக்கு அங்கே சூரியன் கிடையாது. நவம்பர் கடைசியில் மறைந்தால் ஜனவரி 20ஐ ஒட்டித்தான் தலைகாட்டும். இருட்டில் மின் அடுப்பில் பொங்கி, கிழக்கு எது என்று கேட்டறிந்து படைத்தோம். சில நாள் கழித்து ஊர்க் கோட்டையில் வேட்டுச் சத்தம். எங்களில் இருவர் மேசைக்கடியில் பதுங்கிவிட்டோம். முழுச் சூரியனும் தெரிந்துவிட்டதற்கான மரியாதை வேட்டு அது. பள்ளிக்கூடத்துக்கும் அன்று விடுமுறை. நாங்கள் பொங்கியதைக் கொண்டுபோய் எல்லோருக்கும் கொடுத்தோம்.

ஆனால் அந்த ஊரே அப்போது ஆட்டம் கண்டிருந்தது. பாரன்ட்ஸ் கடலில் கப்பெலின் என்ற சிறுமீன் அற்றுப்போனதால் அதைத் தின்று வாழும் கொட் மெலிந்தது. பசித்த சீல்கள் கூட்டமாகக் கரைக்கு வந்து வலைகளில் சிக்கிச் செத்தன. 1989 ஏப்ரலில் கரையோரக் கொட் மீன்பிடியை அரசு நிறுத்தியது. அடுத்த வருடம் முதல் படகுக்கு இவ்வளவு என்று ஒதுக்கீடு. எதிர்க்கரையில் உள்ள புகோய்னஸ் கிராமத்தவர்கள், ஊரோடு குடிபெயர இடம் தேடி ஒஸ்லோ பத்திரிகையில் விளம்பரமே கொடுத்தார்கள். அகதிகள் வந்து இறங்கிய கரையிலிருந்து மண்ணின் மக்கள் வெளியேற வழி பார்த்தார்கள்.

பிறகு மீன் வந்தது. 2013இல் நோர்வேயும் ரஷ்யாவும் பங்கிட்டுக்கொண்ட கொட் ஒதுக்கீடு பத்து இலட்சம் தொன். ஆனால் பிடித்த மீனில் கணிசமான பங்கு முழுசாக உறைந்து சீனாவுக்குப் போய், அங்கே வெட்டுப்பட்டது. கத்தி பிடித்த கைகளுக்கு இங்கே வேலையில்லை. நாங்களும் பிள்ளைகளின் படிப்புக்காக, அவர்களுக்குத் தமிழ் வகுப்பு வேண்டும் என்பதற்காக, ஒஸ்லோவுக்குப் பெயர்ந்தோம். 2025 ஒதுக்கீடு 3,40,000 தொன். 1991க்குப் பிறகு அந்த வருடம் வரை அதுதான் மிகக் குறைவு.

இப்போது போய்ப் பார்த்தால் வார்டோவில் இரண்டாயிரம் பேர்கூட இல்லை. மூடிய கட்டடங்களின் ஜன்னல் விளிம்புகளில் கிட்டிவேக் கடற்பறவைகள் கூடு கட்டியிருக்கின்றன. அந்த இனமே நோர்வேயில் வேகமாக அருகி வருகிறது. புகோய்னஸ் மட்டும் பிழைத்துக்கொண்டது. சோவியத் காலத்தில் ரஷ்யக் கடலில் கொண்டுவந்து விட்ட செந்நண்டு பரவி வந்து வலைகளைக் கிழித்தபோது மீனவர்கள் சபித்தார்கள். 2002 முதல் அதையே பிடித்து விற்கிறார்கள். இன்று ஊருக்குச் சோறு போடுவது அதுதான்.

குளிரும் பழைய குளிர் அல்ல. மிகச் சூடான மாதத்தின் சராசரிகூட 10 பாகையைத் தாண்டாத இடத்துக்குத்தான் ஆர்க்டிக் காலநிலை என்று கணக்கு. 1991 முதல் 2020 வரையான சராசரியில் வார்டோ அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. நடுக்குளிர்காலத்தில் மழை பெய்து பனிமேல் ஓடாக இறுகுகிறது. கலைமான்கள் குளம்பால் தோண்டியும் அடியிலுள்ள லைக்கனை எட்ட முடியாமல் பட்டினி கிடக்கின்றன. மேய்ப்பர்கள் தீவனம் சுமக்கிறார்கள். அந்த வெப்பத்தை உண்டாக்கிய புகையில் இவர்கள் பங்கு எவ்வளவு சொற்பம்! அதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

மீன் மேசையில் என் பக்கத்தில் நின்ற அந்தப் பெண், வட நோர்வேயின் பழங்குடியான சாமி இனத்தவர் என்பது வெகுநாள் கழித்தே தெரிந்தது. தாயோடு தொலைபேசியில் தன் மொழியில் தாழ்ந்த குரலில் பேசுவார். யாராவது வந்தால் நோர்வேஜியத்துக்கு மாறிவிடுவார். பள்ளிக்கூடம் பழக்கிவிட்ட பயம் அது. தன் பிள்ளைகளுக்கு அந்த மொழியை அவர் கொடுக்கவில்லை. நாங்களோ எங்கள் மொழிக்காக ஊரையே விட்டுப் புறப்பட்டோம். வழியனுப்ப வந்த அவர், அதுதான் சரி என்றார். சாமி மொழியை அடக்கி வைத்ததற்காக நோர்வே நாடாளுமன்றம் 2024 நவம்பர் 12இல் மன்னிப்புக் கேட்டது. அதைக் கேட்க அவர் உயிரோடு இல்லை.

பின்மார்க்கில் கத்தி பிடித்த தமிழர்கள் இன்று ஒஸ்லோவிலும் லண்டனிலும் டொரன்டோவிலும் இருக்கிறோம். நாங்கள் கண்ட குளிரையும் கடலையும் இனி வருபவர்கள் காணப்போவதில்லை. அதனால் உங்கள் அல்பங்களில் உள்ள அந்தக் காலப் படங்களுக்குப் பின்னால் இடமும் வருடமும் எழுதுங்கள். ஒரு பிரதியை அந்தக் கரையின் வராங்கர் அருங்காட்சியகத்துக்கு அனுப்பி வையுங்கள்.