முத்துநகருக்கு வந்த முத்து

எங்கள் ஊரான தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். நான் பிறந்தது அதற்குச் சில வருஷம் கழித்து. ஆகவே முத்துநகரில் பிறந்து, வளர்ந்து, கல்யாணம் முடித்து, பேத்தி எடுத்தும், கடலுக்குள்ளிருந்து ஒரு முத்து வெளியே வந்ததைக் கண்ணால் பார்க்காத கோஷ்டி நாங்கள். முத்து போனாலும் பேர் போகவில்லை. சென்னைக்குப் போகிற ரயில் முத்துநகர் எக்ஸ்பிரஸ். கடற்கரைக்குப் பேர் முத்துநகர் கடற்கரை. ஜவுளிக்கடை, லாட்ஜ், சலூன், எதை எடுத்தாலும் போர்டில் ஒரு முத்து இருக்கும். நான் மாலை கோர்ப்பதற்கு வாங்கிய முத்து மட்டும் ஹைதராபாத்திலிருந்து கூரியரில் வந்தது.

ஹைதராபாத்துக்குக் கடல் கிடையாது. அந்த முத்தும் அங்கே விளைந்ததில்லை. சீனாவின் ஏரி குளங்களில் நன்னீர் மட்டிக்குள் வளர்ந்து, கப்பலேறி, ஹைதராபாத் பக்கம் துளை போடப்பட்டு, சரம் சரமாகக் கட்டப்பட்டு என் வாசலுக்கு வந்தது. கொண்டுவந்து கொடுத்த பையனுக்கு வீடு மீனவர் பகுதியான திரேஸ்புரத்தில். அவன் தாத்தா கடலில் முங்கி முத்து எடுத்தவர். “என்னதுக்கா இது, இவ்வளவு பத்திரமாச் சுத்தி அனுப்பியிருக்காவ?” என்று கேட்டான். “முத்து” என்றேன். ஓடிபி கேட்டு வாங்கிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் வண்டியை எடுத்துவிட்டான்.

முத்துக்குளிப்பு என்றதும் எல்லோருக்கும் பளபளப்புதான் ஞாபகம் வரும். எங்கள் ஆச்சிக்கு நாற்றம்தான் ஞாபகம் வரும். 1955இலிருந்து 61 வரை நடந்த கடைசிக் குளிப்புகளை அவள் பார்த்திருக்கிறாள். கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கி, மூச்சு பிடிக்கிற மட்டும் கடலடிப் பாரில் கிடக்கும் சிப்பியைக் கூடையில் அள்ளிக்கொண்டு மேலே வருவார்கள். மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு குளித்தவனுக்கு என்பது வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே உள்ள கணக்கு. சர்க்கார் தன் பங்கை வாய் திறக்காத சிப்பியாகவே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடும். உள்ளே முத்து இருக்கிறதா என்று ஏலம் விடுகிறவருக்கும் தெரியாது, எடுக்கிறவருக்கும் தெரியாது. சர்க்காரே நடத்திய லாட்டரி அது. எடுத்தவர்கள் சிப்பியைக் குவித்து அழுகவிட்டு, சதை கழிந்த பிறகு கழுவி அரித்துப் பார்ப்பார்கள். காற்று ஊர்ப்பக்கம் திரும்பினால் சோறு இறங்காது என்பாள் ஆச்சி. எங்கள் குடும்பத்துக்கு முத்தில் கிடைத்த பங்கு அந்தக் காற்று மட்டும்தான்.

1973இல் பக்கத்தில் வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார், விஞ்ஞானி கே. அழகர்சாமியின் முயற்சியில், சிப்பிக்குள் கருவை வைத்து உருண்டை முத்தை வளர்த்து எடுத்தார்கள். இந்தியாவிலேயே அதுதான் முதல் தடவை. இனிமேல் உப்பளம் மாதிரி ஊரைச் சுற்றி முத்துப் பண்ணையாகத்தான் இருக்கும் என்று பெரியவர்கள் திண்ணையில் பேசிக்கொண்டார்கள். உப்பளம் இருக்கிறது. திண்ணைதான் இல்லை.

சங்கின் கதையும் இதேதான். திரேஸ்புரத்து ஆட்கள் குளித்து எடுத்த சங்கெல்லாம் கல்கத்தாவுக்குப் போய், வளையலாக அறுபட்டு, வங்காளத்து மணப்பெண்களின் கைக்குப் போய்ச் சேரும். அறுக்கத் தெரியாத ஊரா இது? பக்கத்தில், பழைய துறைமுகமான கொற்கையில் தோண்டியபோது அறுத்த சங்குத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் வளையல் இங்கேயே செய்திருக்கிறார்கள். ஆனால் கொற்கையை விட்டுக் கடலே பல மைல் தள்ளிப் போய்விட்டது. தொழில் போனதற்கு யாரைக் கோபித்துக்கொள்வது?

எங்கள் அம்மாவுக்கு இப்போது எண்பத்தைந்து வயது. கண் நன்றாகத் தெரிகிறது. காது, அதன் இஷ்டத்துக்குக் கேட்கும். அந்தக் காலத்தில் அவள் சிப்பி வேலையில் தெருவுக்கே முன்னோடி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடற்கரைக்குப் போனால், நாங்கள் சுண்டலுக்கு அழுதுகொண்டிருப்போம், அவள் குனிந்த தலை நிமிராமல் சிப்பி பொறுக்கிக்கொண்டிருப்பாள். சோழியில் கோழி, மட்டியில் மயில், கண்ணாடியைச் சுற்றிச் சங்குப் பூ. கல்யாண வீடுகளுக்கு அதுதான் மொய். ஊரில் பாதி வீட்டு ஷோகேஸில் அம்மா செய்த சிப்பிக் கப்பல் நின்றது. கடலில் நிஜமாகத் தோணி விடுகிறவர்கள் வீட்டில் மட்டும் அதை நான் பார்த்ததே இல்லை. அவர்கள் வீட்டு ஷோகேஸில் பிளாஸ்டிக் ஆப்பிள் இருக்கும்.

அந்தக் காலத்தில் கடலில் எதை அள்ளினாலும் கேட்க நாதியில்லை. வான் தீவு, காசுவாரித் தீவுப் பக்கமிருந்து வல்லம் வல்லமாகப் பவளப்பாறையை வெட்டி ஏற்றிவந்து காளவாசலில் சுண்ணாம்பாகச் சுட்டார்கள். சுட்டது போக மிஞ்சியது ஷோகேஸுக்கு. 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். 2001இல் பவளம், கடல் விசிறி, சில வகைச் சங்கு சிப்பிகள் எல்லாம் வனவிலங்குச் சட்டத்தின் பட்டியலில் ஏறின. புலியும் யானையும் இருக்கிற சட்டத்தில் சிப்பிக்கும் இடம் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். அந்த 21 தீவுகளில் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் தண்ணீருக்குள் போய்விட்டன. இனி எதையும் எடுக்கக் கூடாது என்பதில் சந்தேகமே இல்லை. அம்மாவுக்குத்தான் புரியவைக்க முடியவில்லை. “அள்ளினவனுக்கெல்லாம் மாடி வீடு இருக்கு, பொறுக்கினவளுக்குச் சட்டமா?” என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியாமல் காப்பி போடப் போய்விட்டேன்.

இப்போது நான் செய்வது ரெசின் கடல். வட்டமான மரத்தட்டில் கரைக்குக் கொஞ்சம் மணல் தூவி, நீல நிறமி கலந்த ரெசினை ஊற்றி, ஓரத்தில் வெள்ளையை ஒரு கோடு இழுத்து, ஹீட் கன்னால் ஊதினால் நுரை தானாகப் பிரியும். ஒரு நாள் காயவிட்டால் கடல் கெட்டியாகிவிடும். அதன்மேல் காப்பி டம்ளரை வைக்கலாம். வாங்குகிறவர்களில் பாதிப் பேர் உள்ளூர்தான். நடந்தே கடலுக்குப் போகிற தூரத்தில் இருந்துகொண்டு, காசு கொடுத்துக் கடல் வாங்குகிறார்கள். ஒரு விஷயத்தை மட்டும் அவர்களிடம் நான் சொல்வதில்லை. தூத்துக்குடிக் கடலில் நுரை கிடையாது. எதிரே தீவுகள், துறைமுகத்துக்குக் கட்டிய கல்லணை, இவற்றுக்கு நடுவே எங்கள் கடல் குளமாகக் கிடக்கும். திருச்செந்தூருக்குப் போனால்தான் அலை என்று ஒன்றைப் பார்க்கலாம். நுரையில்லாமல் அச்சு அசலாக ஒரு தூத்துக்குடிக் கடல் ஊற்றிப் பார்த்தேன். ஒருத்தரும் சீந்தவில்லை. “இது ஏரி மாதிரி இருக்கே ஆன்ட்டி” என்றாள் ஒரு பெண். அவளுக்குப் பிறந்த ஊர் இதுதான்.

ரெசினுக்கு மூலச்சரக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறதாம். எங்கள் வ.உ.சி. துறைமுகத்திலேயே கன்டெய்னரில் இறங்கி, லாரியேறி எங்கெங்கோ போய், டப்பாவில் அடைபட்டு, கூரியரில் எனக்கே திரும்பி வந்தாலும் வரும் என்கிறான் மதினி மகன். துறைமுகத்தில் வேலை பார்க்கிறவன். போக்குவரத்துச் செலவைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நான் புலம்பினால், அவன் ஜன்னல் வழியே கிரேனைக் காட்டிச் சிரிக்கிறான்.

நடுவில் மேக்ரமே வேறு. கயிற்றில் முடிச்சு போட்டுச் சுவரில் தொங்கவிடுவது. அதை ஒரு வெளிநாட்டுப் பெண்ணின் வீடியோவைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். அவள் பத்துத் தடவை நிறுத்தி நிறுத்திக் காட்டிய முடிச்சுகளில் ஒன்றை, திரேஸ்புரத்தில் கிழிந்த வலைக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிற பெரியவர் பீடியைக் கையில் வைத்துக்கொண்டே போடுகிறார். அவரிடம் கற்றிருக்கலாமே என்றால், அவருக்குப் பின்னணி இசை கிடையாது.

இசை என்றதும் சொல்லிவிடுகிறேன். கை வேலைக்குப் பாட்டு இல்லாமல் முடியாது. எங்களுக்கு அது கடலைத் தாண்டி வந்தது. ஆகாச வழியில் அளந்தால் எங்கள் ஊருக்குச் சென்னையை விடக் கொழும்பு பாதி தூரம்தான். ரேடியோவுக்குத் தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டின காலம். காலையில் இலங்கை வானொலியில் ‘பொங்கும் பூம்புனல்’ வைத்தால் பக்கத்து அறையிலிருந்து பேசுகிற மாதிரி கேட்கும். கே.எஸ். ராஜாவின் வேகம், ராஜேஸ்வரி சண்முகத்தின் குழைவு, பி.எச். அப்துல் ஹமீதின் தமிழ். எந்தப் பாட்டு எப்போது வரும் என்பதை அந்த அறிவிப்பாளர்கள்தான் முடிவு செய்தார்கள். நாங்கள் வயர் கூடை பின்னிக்கொண்டே, என்ன வந்தாலும் கேட்டோம். இலங்கையில் 1983 கலவரத்துக்குப் பிறகு அதே கடல் வழியாக வேறு செய்திகள் வர ஆரம்பித்தன, தோணிகளில் ஆட்களும் வந்தார்கள். கே.எஸ். ராஜா கொழும்பில் கொல்லப்பட்டதைத் தொண்ணூறுகளில் கேள்விப்பட்டபோது எங்கள் தெருவில் ஒரு வீட்டில் சமையல் நடக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தவர்கள் அந்தத் தெருவில் யாருமில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், இலங்கைக்குக் கேட்க வேண்டும் என்று நம் அரசாங்கம் 200 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர் நிறுத்தியது எங்கள் ஊரில்தான். அவர்கள் பாட்டை நாங்கள் கேட்டோம், எங்கள் பாட்டை அவர்களுக்கு அனுப்பினோம். அடுத்த வீட்டுக் குழம்புதான் எப்போதும் ருசி.

ஆச்சிக்கு ஒரே பாடகர், ஜே.பி. சந்திரபாபு. 1927இல் இந்த ஊரில் பிறந்தவர். பனிமய மாதாவின் பேரைச் சேர்த்து வைத்த பேர் பனிமயதாஸ். ஆகஸ்ட் 5 மாதா கோயில் திருவிழாவுக்கு எங்கள் தெரு வழியே கூட்டம் போகும்போதெல்லாம் ஆச்சி அவரை நினைத்துக்கொள்வாள். நடுப்பாட்டில் அவர் குரலை உடைத்து உடைத்து ஒரு யோடலிங் போடுவாரே, அதைப் பொக்கை வாயால் போட்டுக் காட்டுவாள். எனக்கு இளையராஜா. ‘அன்னக்கிளி’ வந்த 1976இல் நான் பள்ளிக்கூடப் பிள்ளை. வயர் கூடைக்குச் சிவன் கண் முடிச்சும் நெல்லிக்காய் முடிச்சும் கற்றது அவர் தாளத்தில்தான். குரோஷா வேலைக்கு மட்டும் வரி உள்ள பாட்டு ஆகாது. கூடவே பாடத் தொடங்கினால் கண்ணி எண்ணிக்கை தப்பும். அதற்கு 1986இல் வந்த ‘ஹவ் டு நேம் இட்’ கேசட். வயலின் ஓடிக்கொண்டிருக்கும், நாம் எண்ணிக்கொண்டிருக்கலாம். இளையராஜா அதை எனக்குக் கண்ணி எண்ணுவதற்காகவே போட்டார் என்று நான் நெடுநாள் நம்பினேன். மேனாட்டு இசைமேதை பாக் பற்றியெல்லாம் பின்னால்தான் தெரியும்.

அந்தக் காலத்தில் கேசட் கடைக்குப் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுப்போம். கடைக்காரர் பட்டியலை மூக்குக்கண்ணாடி வழியே பார்ப்பார். பிடிக்காத பாட்டு இருந்தால் அதை விட்டுவிட்டு, தனக்குப் பிடித்ததைப் பதிந்து கொடுப்பார். கேட்டால், “இத முதல்ல கேளும்மா, பொறவு பேசு” என்பார். இப்போது போனில் ஒரு பாட்டு முடிந்தால் அது தானாக அடுத்ததைப் போடுகிறது. அதே வேலைதான். போனைத் திட்டுகிறேன். கடைக்காரரைத் திட்ட தைரியம் வந்ததில்லை. அவர் திணித்த பாட்டுகள்தான் இன்றைக்கும் வாயில் வருகின்றன என்பது வேறு விஷயம். அந்தக் கேசட்டுகள் 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஊறிப் போயின. வயர் கூடைகள் மட்டும் மிதந்து, வெயிலில் காய்ந்து, மறுநாளே பால் வாங்கக் கிளம்பிவிட்டன.

அந்தக் கூடைக்கு இப்போது யோகம். 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து கடையில் பிளாஸ்டிக் பை தரக்கூடாது என்று ஆனதும், தலைமுறை தலைமுறையாகப் பிளாஸ்டிக் வயரில் பின்னிய கூடை சுற்றுச்சூழலின் தோழன் ஆகிவிட்டது. நாங்கள் பின்னிய காலத்தில் அது வசதியில்லாத வீட்டுப் பை. கல்லூரிக்கு எடுத்துப் போக வெட்கப்பட்டு, உள்ளே புத்தகத்தை வைத்து மேலே துண்டு போட்டு மூடுவேன். இப்போது சனிக்கிழமை தோறும் என் வீட்டு மாடியில் வகுப்பு. ஐடி வேலைக்குப் போகிற பெண்கள் கட்டணம் கட்டி நெல்லிக்காய் முடிச்சு கற்கிறார்கள். முதல் வரிசை பின்னி முடிந்ததும் போட்டோ, அடிப்பகுதி முடிந்ததும் போட்டோ. கைப்பிடி வரைக்கும் வந்து சேருகிறவர்கள் குறைவு. கைப்பிடியை நான்தான் போட்டுக் கொடுக்கிறேன்.

போன சனிக்கிழமை இளையராஜாவைப் போடப் போனேன். “பாட்டு வேணாம் ஆன்ட்டி, மனசு அலையும்” என்று ஒரு பெண் தடுத்துவிட்டாள். மனம் ஒருமுகப்பட அவளிடம் ஒன்று இருக்கிறதாம். போனில் எதையோ தட்டிச் சின்ன ஸ்பீக்கரை ஜன்னல் ஓரம் வைத்தாள். ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம், கொஞ்சம் இடைவெளி, மறுபடி ஸ்ஸ்ஸ். எட்டு மணி நேரம் ஓடுமாம். ஏதோ ஒரு நாட்டுக் கடற்கரையில் பதிவு செய்த அலை. எல்லோரும் தலையைக் குனிந்து பின்ன ஆரம்பித்தார்கள். அறையே அமைதியாகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து அம்மா குரல் கொடுத்தாள்.

“ஏ பிள்ள, மேல டேங்கு நிறைஞ்சு வழியுது. மோட்டார ஆஃப் பண்ணுங்க!”