பத்தாயிரமாவது கதவு

கேள்வி: வீட்டுக் கணினியில் லினக்ஸ் போட்டிருக்கிறேன். வெப்மின் நிறுவி, கந்தோரிலிருந்தும் அதை இயக்கலாமா? (வாசகர், உட்துறைமுக வீதி, திருகோணமலை)

பதில்: தாராளமாக நிறுவுங்கள், ரவுட்டரில் வெப்மினின் 10000ஆம் போர்ட்டை மட்டும் ஊருக்குத் திறந்துவிடாதீர்கள். பயனரைச் சேர்ப்பதையும் சேவையை நிறுத்துவதையும் உலாவியிலேயே முடித்துத் தரும் வெப்மின், 1997 முதல் இருக்கும் அருமையான கருவி. ஆனால் அது ரூட் அதிகாரத்தில் ஓடுகிறது; அதைப் பிடித்தவருக்குக் கணினியே சொந்தம். கடவுச்சொல் பலமானது என்பீர்கள். 2019 ஆகஸ்டில் வெளிவந்த சங்கதி வேறு: வெப்மினை உருவாக்கும் சேவையகத்திலேயே யாரோ புகுந்து பின்கதவு வைத்திருந்தார்கள். 1.890ஆம் பதிப்பில் கடவுச்சொல் கேட்காமலே அது திறந்தது.

“என் வீட்டில் எடுக்க என்ன இருக்கிறது?” என்று கேட்கலாம். தேடி வருவது மனிதரல்ல, நிரல். முகவரி முகவரியாகத் தட்டும், வசதி பார்க்காது. நம் திருகோணமலைத் துறைமுகத்தையே பாருங்கள்: அதற்கு இயற்கையே அரண். போதாதென்று வாயிலில் ஒஸ்டன்பேர்க் கோட்டையும் நின்றது. அப்படியிருந்தும் 1782இல் முதலில் ஆங்கிலேயர், அதே ஆண்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் என இரண்டு முறை கைமாறியது. உங்கள் ரவுட்டருக்குக் கோட்டையும் இல்லை, பீரங்கியும் இல்லை. கந்தோரிலிருந்து பார்த்தே ஆகவேண்டுமென்றால் வயர்கார்ட் என்ற VPN வழியாக வாருங்கள். சாவி இல்லாதவருக்கு உள்ளே வெப்மின் இருப்பதே தெரியாது.